அலை எவ்வளவு? என்று கேட்ட மீனவர்கள்: ஊரை காப்பாற்றிய ஒலிபெருக்கி!

பாகூர்: மணப்பட்டு கடற்கரையில் நிற்கிறவர் இன்று செல்போனை தட்டினால் போதும், காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம் என்று தெரிந்து விடும். 1998-ல் அந்த வசதி ஏது? அந்த ஆண்டுதான் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து புதுவை கிராமங்களில் இன்டர்நெட் தகவல் சேவையை தொடங்கியது.

கம்ப்யூட்டரை இறக்கி வைத்துவிட்டு போய்விடவில்லை. "உங்களுக்கு என்ன தகவல் வேணும்?" என்று ஊர் மக்களிடம் கருத்து கேட்டார்கள். இப்போது புதுசா ஆப் விடுகிறவர்கள், எல்லாம் முடிந்த பிறகுதான் கருத்து கேட்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்!

விவசாயிகளுக்கு நெல் விலை, அரசு உதவி விவரம் தேவைப்பட்டது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது வேறு. நாளைக்கு கடலில் அலை எப்படி இருக்கும்?

அந்த கணக்கு அமெரிக்க கடற்படையின் இணையதளத்தில் கிடைத்தது. அதை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலை பின்னுகிறவர் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருவாரா? இருக்கிற இடத்திலேயே காதில் விழ வேண்டும். அதுதான் கெட்டிக்காரத்தனம்.

மணப்பட்டுக்கு வடக்கே உள்ள நல்லவாட்டிலும் இதேபோல மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26-ந் தேதி, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் வாலிபர் சுனாமி செய்தி கேட்டு வீட்டுக்கு போன் போட்டார். உடனே ஊர்க்காரர்கள் மையத்துக்கு ஓடி மைக்கில் எச்சரித்தனர். ஜனங்கள் அலறியடித்து ஓடினர். படகுகள் நொறுங்கின, வீடுகள் போயின. சுமார் 3 ஆயிரத்து 600 பேர் உயிர் தப்பினர்.