உறைபனியில் ஒரு கையெழுத்து

2003 நவம்பர் 22. கனடாவின் எட்மன்டன் நகரில் ஒரு பனி ஹாக்கிப் போட்டி. வழக்கமாகக் கூரைக்கு அடியில் நடக்கும் இந்த ஆட்டம் அன்று திறந்தவெளி அரங்கில் நடந்தது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 18 டிகிரி சென்டிகிரேட்! ஆனாலும் 57,000 பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். மான்ட்ரியல் அணியின் கோல் காப்பாளர் தம் முகக்கவசத்தின் மேலேயே கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு ஆடினார்.

இத்தகைய குளிர் ஊர்களிலும் கையெழுத்து வேட்டைக்காரர்கள் உண்டு. வீரர் பேருந்திலிருந்து இறங்கி வாயிலுக்குள் நுழையுமுன் சில விநாடிகளே கிடைக்கும். நீட்டிய படத்தில் அவர் பேனாவை ஓட்டுகிறார்; வெறும் கீறல்தான் விழுகிறது. உதறிப் பார்க்கிறார்; பயனில்லை. அவரும் போய்விடுகிறார். மாதக் கணக்கில் காத்திருந்தவனை அந்தப் பேனா ஏன் கைவிட்டது?

பால்பாயிண்ட் பேனாவின் முனையில் கடுகைவிடச் சிறிய குண்டு ஒன்று இருக்கிறது. நாம் எழுதும்போது அது உருண்டு, பின்னாலுள்ள மையைத் தொட்டுத் தாளில் பூசுகிறது. மை நீர்த்திருந்தால் ஒழுகிவிடும் அல்லவா? ஆகவே அதைக் கெட்டியாகவே செய்கிறார்கள். சாதாரண வெப்பநிலையிலேயே அதன் பாகுத்தன்மை தண்ணீரினுடையதைப் போலப் பல ஆயிரம் மடங்கு.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த மையின் கதை வேறு. இது விளக்கெண்ணெய் ஜாதி. உறையாமலே கெட்டிப்படும். வெப்பம் 40 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கினால் விளக்கெண்ணெயின் பாகுத்தன்மை சுமார் 10 மடங்காகிறது. குளிரில் மூலக்கூறுகளின் இயக்கம் தளர்கிறது. ஒன்றையொன்று வழுக்கிக் கடப்பது கடினமாகிறது. குண்டு உருளும், ஆனால் மை வந்து சேராது. பேனாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்து, வீரர் அருகில் வந்ததும் எடுத்து நீட்டுவது நல்ல தந்திரம்.

ஊற்றுப் பேனா உதவுமா? அதன் மையில் பெரும்பகுதி தண்ணீர், உறைந்தே போகும். பென்சிலுக்குக் குளிர் ஒரு பொருட்டல்ல. தென்துருவப் பயணத்தில் 1912இல் உயிர்நீத்த காப்டன் ஸ்காட் தம் கடைசி நாட்குறிப்பைப் பென்சிலால்தான் எழுதினார். ஆனால் பளபளப்பான புகைப்படத்தில் பென்சில் வழுக்கும், அழித்துவிடவும் முடியும். சேகரிப்பவர்கள் அதை விரும்புவதில்லை.

எஞ்சியிருப்பது பட்டைமுனை மார்க்கர் பேனா. நிலையான மை கொண்ட இவ்வகைப் பேனாக்களில் சாயம் பெரும்பாலும் ஆல்கஹால்களில் கரைக்கப்பட்டிருக்கும். எத்தில் ஆல்கஹால் உறைய வேண்டுமானால் உறைநிலைக்குக் கீழே 114 டிகிரி வேண்டும்! எட்மன்டன் குளிர் அதற்கு எம்மாத்திரம்? இதிலும் ஒரு சங்கடம் உண்டு. குளிரில் ஆல்கஹால் மெதுவாகவே ஆவியாகும். அவசரப்பட்டுப் படங்களை அடுக்கினால் கிரெட்ஸ்கியின் கையெழுத்து அடுத்த படத்தின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

மை நன்றாக உலர்ந்தபின் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு மூடிவிட வேண்டும்; வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே! குளிர்ந்த படத்தின்மீது வெதுவெதுப்பான அறைக்காற்று பட்டால், ஐஸ் தண்ணீர்த் தம்ளரின் வெளிப்புறம்போல அது முழுவதும் வியர்த்துவிடும். உறைக்குள் இருந்தால் வியர்ப்பது உறைதான். படம் அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகு பிரித்துப் பார்க்கலாம்.