கண்டியில் விவாகரத்து: எந்தச் சட்டம், எந்தக் கதவு?

கடுகண்ணாவையில் ஒரே தெருவில் வாழும் மூன்று குடும்பங்களுக்கு மூன்று விவாகரத்துச் சட்டங்கள் பொருந்தலாம். எது பொருந்தும் என்பதை விவாகப் பதிவுச் சான்றிதழே காட்டும். முதலில் எடுக்க வேண்டிய பத்திரமும் அதுவே.

1952ஆம் ஆண்டின் கண்டியர் விவாக, விவாகரத்துச் சட்டப்படி பதிந்த சிங்களத் தம்பதியர் மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். இருவரும் சம்மதிப்பதே அங்கே போதிய காரணம். முஸ்லிம்கள் காதி நீதிமன்றத்தை நாடுவர்.

தமிழர் பெரும்பாலும் 1907ஆம் ஆண்டின் பொதுச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றம் செல்ல வேண்டும். அங்கே காரணங்கள் மூன்றே: சோரம், தீய நோக்குடன் கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற இயலாமை. பரஸ்பரச் சம்மதம் இதில் இல்லை. அதனால் ஒத்துப் பிரிபவரும் ஒருவர்மேல் குற்றம் சுமத்த நேர்வது பெருங்கொடுமை. அடி உதை தாங்காமல் மனைவி வெளியேறினால், கைவிட்டவர் கணவரே என்று நீதிமன்றம் கொள்ளலாம். ஆகவே பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மருத்துவ அறிக்கை, கடிதங்களைத் திகதி வாரியாகச் சேர்த்து வைப்பது அவசியம்.

சட்டத்தரணி இன்றியும் வழக்காடலாம். ஆனால் பிள்ளைகள், சொத்து, தாபரிப்பு குறித்துப் பிணக்கிருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுவது நல்லது. முதல் தீர்ப்பாணையோடு திருமணம் முறிந்துவிடாது. குறைந்தது 3 மாதம் கழித்து அது முடிவானதாக்கப்பட்ட பின்னரே மறுமணம் செய்யலாம்.