ஓசையில்லாக் காருக்கு ஒரு குரல்

தெருவில் பெட்ரோல் கார் வருவதைத் திரும்பிப் பார்க்காமலேயே நாம் அறிந்துகொள்கிறோம். அதன் இயந்திர இரைச்சலே நமக்கு முன்னறிவிப்பு. மின்சாரக் காரில் அந்த இரைச்சல் இல்லை. மெதுவாகச் செல்லும்போது அது ஏறக்குறைய ஓசையின்றியே நகர்கிறது. இந்த அமைதி இனிமையானது. ஆனால், எல்லாருக்கும் பாதுகாப்பானது அன்று. பார்வையற்றோர் சாலையைக் கடக்கத் தங்கள் செவிகளையே நம்பியுள்ளனர். ஓசையே இல்லாவிட்டால் கார் அருகில் வருவதை அவர்கள் எப்படி அறிவார்கள்?

இந்த ஆபத்தைத் தவிர்க்கப் பல நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், புதிய மின்சாரக் கார்கள் அனைத்திலும் எச்சரிக்கை ஒலிக் கருவி இருக்க வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், பின்னோக்கிச் செல்லும்போதும் அக்கருவி ஒலி எழுப்பும். வேகம் மாறும்போது ஒலியின் சுருதியும் மாறும். அதனால், கார் வேகமெடுக்கிறதா, நிற்கப் போகிறதா என்பதைக் கேட்பவர் ஊகிக்கலாம். வேகம் மேலும் கூடினால், டயர்கள் சாலையில் உருளும் ஓசையே போதுமானதாகிவிடும்.

காருக்குள் இருப்பவர்களுக்கோ வேறொரு சிக்கல். பகலில் கேட்காத கடிகார ஓசை நள்ளிரவில் தெளிவாகக் கேட்கும் அல்லவா? அதுபோலவே, இயந்திர இரைச்சல் மறைந்ததும் டயர் ஓசை, காற்றின் சீறல், மோட்டாரின் கீச்சொலி ஆகியவை தனித்துக் கேட்கத் தொடங்குகின்றன. இவற்றைத் தடுக்கத் தடித்த கண்ணாடியும் ஒலியை உறிஞ்சும் பொருள்களும் உதவும். ஆனால், அவை காரின் எடையையும் விலையையும் கூட்டும். எடை கூடினால், ஒருமுறை மின்னேற்றிச் செல்லக்கூடிய தூரம் குறையும். ஆகவே, எந்த ஓசை உண்மையில் தொல்லை தருகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

இதற்குக் கைகொடுப்பதுதான் சிமுலேட்டர் எனப்படும் பாவனைக் கருவி. முதலில், காதுகளில் ஒலிவாங்கி பொருத்திய செயற்கைத் தலை ஒன்றைக் காருக்குள் வைத்து ஓசைகளைப் பதிவு செய்கின்றனர். பிறகு, கணினி அவற்றை டயர், காற்று, மோட்டார் எனப் பிரித்து வைக்கிறது. சோதனையில் பங்கேற்பவர் காதொலிக் கருவியை அணிந்து, திரையில் தெரியும் சாலையில் காரை ஓட்டுகிறார். அவர் வேகத்தைக் கூட்டினால் ஓசையும் உடனே மாறுகிறது. பொறியாளர் காற்றொலியை மட்டும் குறைத்துக் காட்டலாம். புதிய ஒலியைச் சேர்த்தும் காட்டலாம். கார் தொழிற்சாலையில் உருவாகும் முன்பே அதன் ஓசையைக் கேட்டுக் கருத்துச் சொல்ல முடிகிறது.

எச்சரிக்கை ஒலியையும் இவ்வாறே சோதிக்கலாம். பேருந்து இரைச்சலும் மழை ஓசையும் நிறைந்த பாவனைத் தெருவில், நெருங்கிவரும் கார் எப்போது காதில் விழுகிறது என்று பார்க்கலாம். எவரையும் உண்மையான கார் முன் நிறுத்த வேண்டியதில்லை.

ஒலி மிகவும் மெலிதாக இருந்தால் பாதசாரிக்கு ஆபத்து. மிகவும் உரத்து ஒலித்தால் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை. இரண்டுக்கும் இடையிலான சரியான அளவைக் கண்டறியக் கணினி உதவலாம். எனினும், அந்த ஒலி தகுந்ததா என்று இறுதியில் தீர்மானிப்பது மனிதச் செவியே.