பொத்தானும் பதிவேடும்: அறிவிப்பு முறை நிரலாக்கம், ஒரு விளக்கம்

அரசின் சேவைகள் மக்களைச் சென்றடையும் வழி கடந்த கால் நூற்றாண்டில் பெரிதும் மாறியுள்ளது. நிலப் பதிவேட்டின் நகல், ஓய்வூதியம், கல்வி உதவித் தொகை போன்றவை இன்று பெரும்பாலும் ஏதேனும் ஒரு கணிப்பொறித் திரையின் வழியாகவே வழங்கப்படுகின்றன. முன்னர் எழுத்தர் பேனாவால் செய்த பணியை இப்போது திரையிலுள்ள ஒரு பொத்தான் செய்கிறது. பேனாவால் நேரும் பிழை ஓர் ஏட்டின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். பொத்தானை அமைப்பதில் நேரும் பிழையோ, அதே நிரல் இயங்கும் எல்லா அலுவலகங்களிலும் ஒரே நாளில் தோன்றும். ஆகவே, ஒரு பொத்தான் அழுத்தப்படும்போது உள்ளே என்ன நிகழ வேண்டும், என்ன நிகழக் கூடாது என்பதை நிரல் எழுதுவோர் மட்டுமன்றி, அதனை எழுதுவிக்கும் அலுவலர்களும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இரு திரைகள், ஒரு பதிவேடு

கர்நாடக மாநிலத்தின் ‘பூமி’ திட்டம் இதற்கு நல்ல தொடக்கமாக அமையும். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அம்மாநில வருவாய்த் துறை, தேசியத் தகவல் மையத்தின் துணையுடன், சுமார் 67 லட்சம் விவசாயிகளுக்குரிய ஏறத்தாழ 2 கோடி நிலப் பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றியது. ‘பஹணி’ எனப்படும் நில உரிமைச் சான்றின் நகலைத் தாலுக்கா அலுவலகத்திலேயே 15 ரூபாய்க் கட்டணத்தில் பெற வழி பிறந்தது. கையால் எழுதப்பட்ட நகல்களின் செல்லுபடி நீக்கப்பட்டது.

இத்திட்டத்தின் சேவை முகப்புகளில் ஒரு சிறப்பான ஏற்பாடு இருந்தது. அலுவலர் பார்க்கும் திரையைத் தவிர, விவசாயியை நோக்கியும் ஒரு திரை வைக்கப்பட்டது. தமது நிலத்தைப் பற்றி என்ன பதிவாகிறது என்பதை அவர் உடனுக்குடன் காண இது உதவியது. இந்த ஏற்பாட்டுக்கு மதிப்புத் தருவது ஒரே ஒரு நிபந்தனைதான்: இரு திரைகளும் ஒரே பதிவேட்டிலிருந்து பிறக்க வேண்டும். அலுவலரின் திரையில் ஒன்றும், விவசாயியின் திரையில் மற்றொன்றும் தோன்றுமாயின் இரண்டாவது திரையால் பயனில்லை. இந்த நிபந்தனையை ஒரு நிரலாக்க முறையாகவே வகுத்துக் கொண்டால் கிடைப்பதுதான் ‘அறிவிப்பு முறை’ நிரலாக்கம்.

கட்டளை முறையும் அறிவிப்பு முறையும்

திரைகளை அமைப்பதில் பழைய வழி கட்டளை முறையாகும். “இந்தப் பெயரை அழி, அந்த எண்ணை எழுது, இந்தப் பொத்தானை மங்கச் செய்” என ஒவ்வொரு மாற்றத்தையும் நிரல் தனித்தனியே ஆணையிடும். திரைகள் சிறியனவாக இருந்தவரை இது போதுமானதாக இருந்தது. திரையின் பகுதிகள் பெருகியபோது, ஓரிடத்தில் மாற்றியதை மற்றோரிடத்தில் மாற்ற மறந்துபோகும் பிழைகளும் பெருகின.

அறிவிப்பு முறையில் நிரல் எழுதுபவர் படிப்படியான ஆணைகளைத் தருவதில்லை. “பதிவேடு இந்நிலையில் இருந்தால் திரை இவ்வாறு இருக்கும்” என்று அறிவித்துவிடுகிறார். பதிவேடு மாறும்போதெல்லாம் திரையை அதற்கேற்பத் திருத்தும் பொறுப்பைக் கணிப்பொறி ஏற்கிறது.

இக்கருத்து பொருளியல் மாணவர்களுக்குப் புதிதன்று. 1979-ல் வெளிவந்த விசிகால்க் முதலாக இன்றுவரை வழங்கும் மின்கணக்குத் தாள்கள் அனைத்தும் இத்தகையனவே. ஒரு கட்டத்தில் “மேலுள்ளவற்றின் கூட்டுத்தொகை” என்று ஒருமுறை அறிவித்துவிட்டால், மேலே எந்த எண்ணை மாற்றினாலும் மொத்தம் தானே மாறும். மொத்தத்தைக் கையால் திருத்துபவர் எவரும் இலர்; திருத்துவது முறையும் அன்று.

பெங்களூரிலும் இச்சிந்தனைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் இணைந்து உருவாக்கிய ‘சிம்ப்யூட்டர்’ என்னும் கையடக்கக் கணிப்பொறி 2001-ல் அறிமுகமாயிற்று. எழுத்தறிவு குறைந்தோரும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்கெனத் தகவல் குறியீட்டு மொழி ஒன்றும் வகுக்கப்பட்டது. திரையில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் குறியீடுகளால் எழுதிவைத்தால், அதனைப் படித்துக் காட்டும் பணியைக் கருவி மேற்கொண்டது. சிம்ப்யூட்டர் எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை. எனினும் உள்ளடக்கத்தை அறிவிப்பதும், அதனைத் திரையில் காட்டுவதும் வேறு வேறு பணிகள் என்ற பாடம் அதில் இருந்தது. பின்னர் 2013-ல் பேஸ்புக் நிறுவனம் பொதுப் பயன்பாட்டிற்கு வெளியிட்ட ரியாக்ட், 2018-ல் கூகுள் முழுமையாக வெளியிட்ட ஃப்ளட்டர், 2019-ல் ஆப்பிள் அறிவித்த ஸ்விஃப்ட்யூஐ ஆகியவை இம்முறையை உலகெங்கும் பரப்பின.

கூறு, நிலை, நிகழ்வு

இம்முறையில் மூன்று சொற்கள் அடிப்படையானவை. திரையின் ஒரு தனிப்பகுதி ‘கூறு’ எனப்படும். ஒரு பொத்தானோ, ஒரு விண்ணப்ப வரியோ கூறாகலாம். ஒரு கூறு தன்னைப் பற்றி நினைவில் வைத்திருக்கும் செய்தி அதன் ‘நிலை’. அழுத்துதல், எழுதுதல், தேர்ந்தெடுத்தல் போன்ற பயனாளரின் செயல் ‘நிகழ்வு’. நிகழ்வு நேர்ந்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கப்படும் நிரல் பகுதி ‘நிகழ்வுக் கையாளி’.

இவற்றின் உறவை விளக்க, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஐதராபாத்திலுள்ள இந்திய மின்னணுக் கழகமும் தயாரிக்கும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. 1982-ல் கேரளத்தின் பரூர் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் இது முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் இதற்கு இடமில்லை என 1984-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், 1988-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 பொதுத் தேர்தலில் எல்லா மக்களவைத் தொகுதிகளிலும் இது பயன்படுத்தப்பட்டது.

வாக்காளர் முன்னுள்ள நீலநிறப் பொத்தான் எப்போதும் ஒரே பொத்தான்தான். ஆயினும் அதன் விளைவு, இயந்திரத்தின் நிலையைப் பொறுத்தது. வாக்குச் சாவடி அலுவலர் தமது கட்டுப்பாட்டுக் கருவியில் வாக்குச் சீட்டுப் பொத்தானை அழுத்தும்வரை வாக்காளரின் பொத்தானுக்குப் பயனில்லை. அலுவலர் அழுத்தியதும் வாக்காளர் பக்கம் பச்சை விளக்கு எரிகிறது. வாக்காளர் ஒருமுறை அழுத்தினால் வாக்கு பதிவாகி ஒலி எழுகிறது. அதன்பின் எத்தனை முறை அழுத்தினாலும் இரண்டாவது வாக்கு விழாது. வாக்குப்பதிவை முடிக்கும் பொத்தானை அழுத்திய பின்னரே முடிவைக் காட்டும் பொத்தான் செயல்படும். இவ்வொழுங்கு முழுவதையும் “நிலை, நிகழ்வு, அடுத்த நிலை” என்னும் மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையில் எழுதிவிடலாம். விளக்கு எரிவது நிலையின் அறிகுறி மட்டுமே. விளக்கு எரிவதால் வாக்குப் பதிவாவதில்லை. 2013-ல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் அறிமுகமான தாள் சீட்டு முறை, தமது வாக்கு எவருக்குப் பதிவாயிற்று என்பதை வாக்காளர் 7 விநாடிகள் கண்டறிய வழி செய்தது. குடிமகனுக்குக் காட்டப்படுவதும் உள்ளே பதிவாவதும் ஒன்றே என்ற உறுதி எவ்வளவு மதிப்பு வாய்ந்தது என்பதற்கு இது சான்று.

பிழை நேரும் இடங்கள்

அறிவிப்பு முறையைக் கையாளும் மாணவர்கள் நான்கு இடங்களில் தவறுவது வழக்கம்.

முதலாவது, கையாளியை ஒப்படைப்பதற்குப் பதிலாக அதனை அப்போதே இயக்கிவிடுவது. “அழுத்தினால் இதனைச் செய்க” என்று ஆணையைப் பொத்தானிடம் கொடுத்து வைக்க வேண்டும். பெயருக்குப் பின் ஓர் அடைப்புக்குறியைக் கூடுதலாக இட்டுவிட்டால், திரை வரையப்படும் அந்த நொடியிலேயே ஆணை நிறைவேறிவிடும். உறையிலிட்டு ஒப்படைக்க வேண்டிய உத்தரவை, ஒப்படைப்பவரே பிரித்துச் செயற்படுத்தியது போன்றது இது.

இரண்டாவது, பழைய எண்ணை நம்புவது. கூட்டுறவுக் கடையில் உர மூட்டை இருப்பு 40 எனத் திரை காட்டுவதாகக் கொள்வோம். திரை மறுபடி வரையப்படுமுன் விற்பனைப் பொத்தான் இருமுறை அழுத்தப்படுகிறது. கையாளி, தான் கண்ட 40-ஐக் கொண்டு “இருப்பை 39 ஆக்கு” என்று எழுதப்பட்டிருந்தால், இருமுறையும் 39 என்றே பதிவாகும். இரண்டு மூட்டைகள் வெளியேற, கணக்கில் ஒன்றே குறையும். “இப்போது பதிவேட்டில் உள்ள இருப்பிலிருந்து ஒன்றைக் கழி” என்று எழுதுவதே சரியான முறை.

மூன்றாவது, பட்டியலில் இடத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது. பத்து விண்ணப்பங்கள் கொண்ட பட்டியலில் மூன்றாம் வரியில் அலுவலர் ஒரு குறிப்பை எழுதுகிறார். முதல் விண்ணப்பம் தீர்க்கப்பட்டு நீங்குகிறது. கூறுகள் வரிசை எண்ணால் மட்டும் அடையாளம் காணப்பட்டிருந்தால், அக்குறிப்பு மூன்றாம் வரியிலேயே நின்றுவிடும். அங்கு இப்போது வேறொரு விவசாயியின் பெயர் இருக்கும். ஒவ்வொரு கூறுக்கும் விண்ணப்ப எண்ணையோ சர்வே எண்ணையோ நிலையான அடையாளமாகக் கொடுப்பது இதற்குரிய தீர்வு.

நான்காவது, இருமுறை அழுத்துதல். உதவித் தொகையை அனுமதிக்கும் பொத்தானை அழுத்தியவுடன் நிலை “அனுப்பப்படுகிறது” என மாற வேண்டும். அந்நிலையில் பொத்தான் செயலற்றிருக்கும் என அறிவித்திருக்க வேண்டும். ஆனால் அதுவே போதாது. இணைப்பு துண்டிக்கப்பட்டு மீண்டும் அனுப்ப நேரிடலாம். ஆகவே மையக் கணிப்பொறியும் அதே விண்ணப்ப எண்ணுக்கு முன்பே தொகை வழங்கப்பட்டுள்ளதா எனச் சரிபார்த்தல் வேண்டும். திரையில் உள்ள தடை வசதிக்கானது. பதிவேட்டில் உள்ள தடையே பாதுகாப்பு.

மேல்நோக்கிய செய்தி, கீழ்நோக்கிய விவரம்

கூறுகளுக்கிடையே உள்ள உறவும் அலுவலக நடைமுறையை ஒத்தது. தாய்க் கூறு தன்னிடமுள்ள விவரங்களைச் சேய்க் கூறுகளுக்கு அளிக்கிறது. சேய்க் கூறு அவற்றைத் தானே திருத்துவதில்லை. நிகழ்வு நேர்ந்ததை மேலே அறிவிக்கிறது. திருத்தம் தாய்க் கூற்றில் நடந்து, புதிய விவரம் மீண்டும் கீழே வருகிறது. கிராமக் கணக்கர் அறிக்கை அனுப்ப, தாசில்தார் ஆணையிட, அந்த ஆணை கிராமத்துக்குத் திரும்புவதைப் போன்றது இது. இரண்டு சேய்க் கூறுகளுக்கு ஒரே செய்தி தேவைப்படின், ஆளுக்கொரு படியை வைத்துக்கொள்ள விடாமல், இரண்டுக்கும் பொதுவான தாயிடம் அச்செய்தியை வைப்பதே நெறி. ஒரே கணக்குக்கு இரண்டு ஏடுகள் இருந்தால் என்றாவது ஒருநாள் அவை முரண்படும் என்பது தணிக்கையாளர் அனைவரும் அறிந்ததே.

நிகழ்வுகளும் வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்றின் கையாளி முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கும். பூமி திட்டத்தில் பட்டா மாறுதல் கோரிக்கைகளை முதலில் வந்தது முதலில் என்ற முறையில் எடுக்கும்படி நிரலே வகுக்கப்பட்டது. வேண்டியவரை முன்னே தள்ளும் பழக்கத்துக்கு அது ஒரு தடையாயிற்று. திரையிலும் இந்த ஒழுங்கு காக்கப்பட வேண்டுமெனில், நீண்ட நேரம் பிடிக்கும் கணக்கீட்டைக் கையாளிக்குள் வைத்தல் ஆகாது. வைத்தால் பின்னால் நிற்கும் நிகழ்வுகள் யாவும் காத்திருக்க, திரை உறைந்துவிடும்.

அலுவலரின் பங்கு

ஒரு துறை புதிய மென்பொருளுக்கான தேவைகளை வகுக்கும்போது, திரைகளின் வண்ணத்தையும் அமைப்பையும் பற்றி விரிவாக எழுதுவது வழக்கம். அதனினும் முக்கியமானது, ஒவ்வொரு பொத்தானுக்கும் மேலே குறிப்பிட்ட மூன்று பத்தி அட்டவணையைத் தயாரிப்பது. எந்நிலையில் பொத்தான் செயல்படும், அழுத்தினால் பதிவேட்டில் எது மாறும், இரண்டாம் முறை அழுத்தினால் என்னவாகும் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை அதில் இருக்க வேண்டும். இவ்விடைகளை அளிக்க நிரலாக்க அறிவு தேவையில்லை. விதிகளை அறிந்த அலுவலரே அளிக்கத் தக்கவர். அவர் அளிக்காவிடின், விதிகளை அறியாத நிரலாளர் தமக்குத் தோன்றியவாறு அளித்துவிடுவார். அந்த விடையே பிறகு நடைமுறையில் விதியாக நிலைத்துவிடும்.

விவசாயியை நோக்கித் திருப்பப்பட்ட திரையில் அவர் காண விரும்புவது தமது நிலத்தின் உண்மையான நிலையை. பதிவேட்டை மட்டுமே நிகழ்வு மாற்றலாம், பதிவேட்டை மட்டுமே திரை காட்டலாம் என்ற இரு விதிகளும் காக்கப்படும்வரை, அவர் காண்பது உண்மையாகவே இருக்கும்.