உங்களுக்குத் தெரியுமா? மதுரைக்கு வெளியே ஒரு மதுரை!

மதுரைக் கோயில் மண்டபம் ஒன்று அமெரிக்காவில் நிற்கிறது! படமோ மாதிரியோ இல்லை. நிஜக் கருங்கல், நிஜத் தூண்கள், நிஜச் சிற்பங்கள். இடம் பிலடெல்பியா கலை அருங்காட்சியகம்!

கொண்டுபோனவர் அட்லைன் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி. 1912-ல் மதுரைக்கு வந்தார். மதனகோபால சுவாமி கோயிலில் குவியலாகக் கிடந்த கற்களைக் கண்டார். விலை பேசினார். கப்பலேற்றினார். மொத்தம் 60-க்கும் மேற்பட்ட கற்கள்!

அந்த மண்டபம் எழுந்து நின்றதை அவர் பார்க்கவே இல்லை, பாவம். முதல் உலகப் போரில் பிரான்சுக்குச் செவிலியராகப் போனவர், அங்கேயே உயிர்விட்டார். 1919-ல் குடும்பத்தார் கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் வேறு எந்த அருங்காட்சியகத்திலும் இப்படி ஒரு தென்னிந்தியக் கோயில் மண்டபம் கிடையாது!

இந்த ஒரு மண்டபத்துக்கு இரண்டு தனிப் புத்தகங்கள்! முதலாவது 1940-ல் நார்மன் பிரவுன் எழுதியது. அடுத்ததை 2022-ல் டேரியல் மேசன் கொண்டுவந்தார். நடுவில் 82 ஆண்டுகள்! தூண்களின் படங்கள் இன்று இணையத்தில் இருக்கின்றன. திண்ணையில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். விமான டிக்கெட் செலவு பூஜ்யம்!

கல்லிலிருந்து இனிப் படத்துக்கு. 1858-ன் தொடக்கம். வைகைக் கரையில் ஒருவர் கேமராவை நிறுத்துகிறார். பெயர் லின்னியஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன். சென்னை மாகாண அரசின் போட்டோகிராபரும் அவரே. அவர் எடுத்த வைகையை இன்று உங்கள் செல்போனில் பார்க்கலாம்!

அந்தப் படத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு தரைப்பாலம். அக்கரையில் மதுரை. ஏ.வி. பாலம் பிறக்கவே இல்லை! தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு அதே கரையில் போய் நின்று பாருங்கள். மெய் சிலிர்க்கும்!

ட்ரைப் வைகையோடு நின்றாரா? யானைமலையைப் பிடித்தார். தெப்பக்குளத்தைப் பிடித்தார். திருமலை நாயக்கர் மகாலைப் பிடித்தார். மதுரைக்கு மட்டும் நான்கு பகுதிகளாக ஆல்பம் போட்டார்!

நெகட்டிவ் எதில் தெரியுமா? மெழுகு ஏற்றிய காகிதத்தில்! அதில் மேகம் பதியாது. வானம் வெறுமையாகத்தான் விழும். ட்ரைப் விடுவாரா? தூரிகையை எடுத்தார். நெகட்டிவ் மீதே மேகங்களைத் தீட்டிவிட்டார்! போட்டோஷாப்புக்கு 132 ஆண்டுகளுக்கு முந்தைய போட்டோஷாப்!

இந்தப் படங்களுக்காக மூன்று பெரிய அருங்காட்சியகங்கள் கைகோத்தன. 2014-ல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம். 2015-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன். அதே ஆண்டில் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட். ஒரே கண்காட்சி, இரண்டு கண்டங்கள்!

அந்த மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-ல் ஒரு காரியம் செய்தது பாருங்கள். பதிப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. யாரும் எடுக்கலாம், எதற்கும் பயன்படுத்தலாம். எத்தனை படங்கள்? 3,75,000!

ட்ரைப்புக்கும் 66 ஆண்டுகள் முன்னால் மதுரையை வரைந்தவர்கள் உண்டு. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல். சித்தப்பாவும் அண்ணன் மகனும். 1792-ல் வந்து நாயக்கர் மகாலை வரைந்துகொண்டு போனார்கள். லண்டனில் அச்சிட்ட அவர்களது இந்தியக் காட்சித் தொகுப்பில் மொத்தம் 144 ஓவியங்கள்! நூலகங்களும் அருங்காட்சியகங்களும் அவற்றை இணையத்தில் ஏற்றிவிட்டன.

இப்போது ஒரு கணக்குப் புலி. ஸ்காட்லாந்துக்காரர் காலின் மெக்கன்சி. 1783-ல் இந்தியா வந்தவர். மடக்கையைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வாழ்க்கை வரலாற்றுக்காக, இந்தியர்களின் கணிதம் பற்றித் தகவல் திரட்ட மதுரைக்கு வந்தார். மதுரைப் பண்டிதர்களோடு உட்கார்ந்து பேசினார். அங்கே பிடித்தது பைத்தியம். ஆயுள் முழுக்க ஓலையும் கல்வெட்டும் காசும் திரட்டியே தீர்த்தார்!

திரட்டியது எவ்வளவு? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். இலக்கியச் சுவடிகள் 1,568. ஊர் வரலாறுகள் 2,070. ஓவியங்கள் 2,630. கல்வெட்டுப் படிகள் 8,076. நாணயங்கள் 6,218! இவ்வளவையும் சேர்த்துக்கொண்டே இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாகவும் ஆகிவிட்டார். ஆண்டு 1815!

அவர் இறந்த பிறகு மனைவியிடமிருந்து கம்பெனி எல்லாவற்றையும் வாங்கியது. விலை 1 லட்சம் ரூபாய்! 200 ஆண்டுகளுக்கு முந்தைய 1 லட்சம்!

பிறகுதான் கொடுமை. சுவடி நூலகத்துக்கு, காசு அருங்காட்சியகத்துக்கு என்று ஒரே மனிதர் சேர்த்தது பிரிந்துபோனது. ஒரு பங்கு சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில். இன்னொரு பங்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். மற்றொன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். கடல் தாண்டிப் பிரிந்த இவை மறுபடி ஒன்றுசேர ஒரே வழி, கணினித் திரை!

அந்தச் சென்னைச் சுவடி நூலகத்துக்கு வயது என்ன? 1869-ல் தொடங்கியது. அங்கே இருக்கும் சுவடிகள் 70,000-க்கும் மேல்!

மதுரைத் திட்டம் தெரியுமா? பெயரில்தான் மதுரை. அலுவலகம் மதுரையில் இல்லை. எங்குமே இல்லை! 1998 பொங்கல் நாளில் இணையத்திலேயே பிறந்து, இணையத்திலேயே வளர்ந்த தமிழ் மின்னூலகம் அது.

தொடங்கிவைத்தவர் கு. கல்யாணசுந்தரம். இருந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். தொழில்? வேதியியல் விஞ்ஞானி! சாயம் ஏற்றிய சூரிய மின்கலங்களால் உலகப் புகழ்பெற்ற மைக்கேல் கிரெட்சலின் ஆய்வகத்தில் வேலை. ஓய்வு நேரத்தில் சங்க இலக்கியத்தைக் கணினிக்குள் ஏற்றும் வேலை!

ஸ்கேனர் வசதி பரவாத காலம். தமிழ் யூனிகோட் புழக்கத்துக்கு வராத காலம். எழுத்துருவையே அவர் வடிவமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் பெயர் மயிலை!

ஒருவர் அமெரிக்காவில் தட்டச்சு செய்வார். இன்னொருவர் சிங்கப்பூரில் பிழை திருத்துவார். இருவரும் நேரில் பார்த்ததே இருக்காது. யாருக்கும் சம்பளம் கிடையாது. படிக்கிறவருக்குக் கட்டணமும் கிடையாது. இன்று அங்கே நூற்றுக்கணக்கான தமிழ் நூல்கள்! தமிழுக்கு இவர்கள் செய்ததற்குக் கோயில் கட்டினாலும் தகும்.

நான்காம் தமிழ்ச் சங்கம் மதுரையில் பிறந்த நாள் 1901 செப்டம்பர் 14. நிறுவியவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். அடுத்த ஆண்டே அங்கிருந்து ‘செந்தமிழ்’ இதழ் வெளிவந்தது. முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார். அந்தப் பழைய இதழ்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். பக்கம் பக்கமாகப் புரட்டலாம். ஒரு தூசும் ஒட்டாது!

அதே கல்விக்கழகம் நூலோடு நிற்கவில்லை. கோயில், கல்வெட்டு, நடுகல், காசு, அகழாய்வு இடம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் தளம் ஒன்றை நடத்துகிறது. பெயர் தகவலாற்றுப்படை! எவ்வளவு அழகான பெயர்!

இன்னும் கேளுங்கள். நாட்டுடைமையான நூல்களின் ஸ்கேன்களை அள்ளித் தமிழ் விக்கிமூலத்துக்கும் கொடுத்துவிட்டது. ஒன்றிரண்டு நூல்களா? 2,000-க்கும் மேல்!

தமிழ்ப் பேரகராதி எங்கே தொடங்கியது? சென்னை என்றுதானே சொல்வீர்கள்? அலுவலகம் முதலில் திறந்தது மதுரையில்! ஆண்டு 1913. முதல் பதிப்பாசிரியர் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர். ஆறு தொகுதிகளும் வெளிவந்து முடிந்தது 1936-ல். சொற்கள் 1 லட்சத்துக்கும் மேல்! இன்று அந்த அகராதி அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசம்.

சிகாகோ என்றதும் கோட்டையூர் ஞாபகம் வந்தே ஆகவேண்டும்! காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதியவர் ரோஜா முத்தையா செட்டியார். கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். புத்தகம், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை! ஊரார் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டதை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அவர் காலமானது 1992-ல். அப்போது அவரிடம் இருந்தவை ஏறக்குறைய 1 லட்சம்! 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் முழுவதையும் வாங்கியது. வாங்கிச் சிகாகோவுக்குக் கொண்டுபோனதா? இல்லை! தமிழ்நாட்டிலேயே, சென்னையிலேயே நூலகமாக்கியது. முதலில் மைக்ரோபிலிம், பிறகு டிஜிட்டல். இப்படிப்பட்ட கூட்டணிதான் கூட்டணி!

உங்கள் தாத்தா பாட்டி ஸ்டூடியோவில் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து எடுத்த படம் இருக்கிறதா? அதுவும் உலகப் பாரம்பரியம்தான்! 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தேடித்தேடி டிஜிட்டலாக்கியது. பணம் கொடுத்தது பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழியும் ஆவணங்கள்’ திட்டம். 2004-ல் தொடங்கிய திட்டம் அது!

ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளுக்கும் அதே திட்டம் கைகொடுத்தது. 1870 முதல் 1940 வரையிலான தீர்ப்புகள்! வீட்டுப் பரணில் கரையானுக்கு இரையாக இருந்தவை, இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இணையதளத்தில்.

அந்தப் பிரெஞ்சு நிறுவனம் லேசுப்பட்டதா? அதன் சேகரிப்பு உட்பட, புதுச்சேரியில் இருக்கும் சைவச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. சுவடிகள் சுமார் 11,000!

மறுபடி மதுரைக்கு வருவோம். 1921 செப்டம்பர் 22. மதுரை மேலமாசி வீதி. காந்தி மேல்சட்டையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறினார். 1948 ஜனவரி 30-ல் அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணியின் ஒரு பகுதி இன்று எங்கே இருக்கிறது? அதே மதுரையில்! ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் நேரு 1959 ஏப்ரல் 15-ல் திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில்!

அந்த ஒரே வளாகத்தில் இரண்டு அருங்காட்சியகங்கள்! காந்தி அருங்காட்சியகத்தோடு அரசு அருங்காட்சியகமும் அங்கேதான். நூலகமும் உண்டு. காந்தி எழுதியதை வீட்டிலிருந்தே படிக்க வேண்டுமா? சபர்மதி ஆசிரமத்தின் இணையதளம் 2013-ல் திறந்தது. ஆங்கிலத் தொகுதிகள் மட்டும் 100!

2023 மார்ச் 5-ல் மதுரைக்குப் பக்கத்துக் கீழடியில் அருங்காட்சியகம் திறந்தது. 2023 ஜூலை 15-ல் மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. ஒரு வட்டாரத்துக்குப் புத்தம்புது அருங்காட்சியகமும் மாபெரும் நூலகமும். இடைவெளி 132 நாள்! நூலகத்தின் பரப்பு 2 லட்சம் சதுர அடிக்கும் மேல்!

மதுரைப் பக்கத்து மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் 1882-ல் கண்டார். அவை தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவியது 1924-ல். நடுவில் 42 ஆண்டுகள், எழுத்து இருந்தும் படிக்க ஆளில்லை! இன்று அந்த எழுத்தைப் போனிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் 1966 முதல் எங்கே இருந்தன? மைசூருவில்! தஞ்சைக் கல்வெட்டைப் படிக்க மைசூருக்கு ரயிலேற வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுங்கள். கெடு வெறும் ஆறு மாதம்! மதுரை சொன்னால் சும்மாவா!

கல்லெழுத்திலிருந்து அச்செழுத்துக்கு வாருங்கள். தமிழில் அச்சான முதல் புத்தகங்களில் ஒன்று ‘தம்பிரான் வணக்கம்’. 1578-ல் கொல்லத்தில் அச்சானது. 16 பக்கம். உலகில் எஞ்சியிருக்கும் பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில். ஒரே ஒரு பிரதி!

1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சாம்பலான நூல்கள் 97,000. மறக்க முடியாத எண். 2005-ல் ஈழத்தமிழர்கள் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இணையத்தில் மின்னூலகம் தொடங்கினார்கள். இந்த மின்னூலகத்தின் பிரதிகளை எத்தனை ஊர்களில் வேண்டுமானாலும் வைக்கலாம்!

கடைசியாக மறுபடி வைகைக்கு. கரையோரம் தொல்லியலாளர்கள் நடந்து நடந்து குறித்த பழைய இடங்கள் 293! அதில் ஒன்றுதான் கீழடி. தென்னந்தோப்புக்கு நடுவே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கரித்துண்டு. அனுப்பியது அமெரிக்காவின் மயாமி ஆய்வகத்துக்கு. விடை வந்தது: கி.மு. 580!

பக்கத்துக் கொந்தகையில் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளில் இரண்டுக்கு 2025-ல் முகம் கிடைத்தது! மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முப்பரிமாண ஸ்கேன். அங்கிருந்து இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு. முகம் கொடுத்தது அங்குள்ள ஃபேஸ் லேப். தலைவி கரோலின் வில்கின்சன். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டுக்கு 2013-ல் முகம் கொடுத்தவர் அவரேதான்! மன்னருக்குச் செய்ததை வைகைக் கரைக் குடிமக்கள் இருவருக்கும் செய்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். மண்டையோடுகளில் கீழ்த்தாடை கிடையாது. கணக்குப் போட்டுக் கணினியிலேயே தாடையை உருவாக்கிவிட்டார்கள்!