ஆண்டுச் சீட்டும் நாள் பதிவும்



பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் ஆயர் ஈத்தாம் வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் லெகோலேண்ட் பேச்சை எடுத்துவிடுவார்கள். இஸ்கந்தர் புத்ரியில் 2012 செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்கா அது. அங்கே ஒரு நாள் சீட்டும் உண்டு. ஆண்டுச் சீட்டும் உண்டு. ஆண்டுச் சீட்டு கையில் இருந்தால் நினைத்த நாளில் எந்தப் பூங்காவுக்குள்ளும் நுழையலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சில பூங்காக்களில் அதற்கு மேலும் ஒன்று வேண்டும். அதுதான் நாள் பதிவு.

அரசாங்கக் கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். நம்மிடம் அட்டை இருக்கிறது. ஆனாலும் எண் சீட்டு எடுத்தால்தான் டாக்டரைப் பார்க்க முடியும். ஆண்டுச் சீட்டு அந்த அட்டை போன்றது. நாள் பதிவு அந்த எண் போன்றது.

இரண்டும் எதற்கு? தேதி குறித்த ஒரு நாள் சீட்டை விற்றால், அன்று யார் வருவார்கள் என்பது பூங்காவுக்கு முன்பே தெரியும். ஆண்டுச் சீட்டுக்காரர் என்று வருவார் என்பது தெரியாது. எல்லாரும் தீபாவளி விடுமுறையிலேயே திரண்டால் வரிசை நீளும், வேலையாட்கள் போதமாட்டார்கள். ஆகவே நாளுக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்து, முன்கூட்டியே பதியச் சொல்கிறார்கள். 2020இல் கோவிட் நோய் பரவிய பிறகு பல நாடுகளில் இம்முறை பெருகியது. அமெரிக்காவில் புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்கா, 2024 ஜனவரி 9 முதல் தேதி குறித்த சீட்டுக்காரருக்குப் பதிவு வேண்டாம் என்றது. ஆண்டுச் சீட்டுக்காரருக்கோ சில நாட்களுக்கு அதை வைத்துக்கொண்டது. காரணம் இப்போது விளங்கும்.

இதில் வழக்கும் எழுந்தது. கலிபோர்னியா டிஸ்னிலேண்ட் 2021இல் 1,399 டாலருக்கு ஓர் ஆண்டுச் சீட்டு விற்றது. தடை நாட்களே இல்லை என்பது அதன் விளம்பரம். ஆனால், ஒரு நாள் சீட்டு விற்பனையில் இருந்த நாட்களிலும் தங்களுக்குப் பதிவு கிடைக்கவில்லை என்று வழக்குத் தொடர்ந்தார்கள். நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. எனினும் 2023இல் 95 லட்சம் டாலர் தர இணங்கி வழக்கை முடித்தது.

ஆகவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் சீட்டுக்கு நாள் பதிவு வேண்டுமா? பள்ளி விடுமுறையில் தடை நாட்கள் உண்டா? பதிந்துவிட்டு வராமல் போனால் தண்டனை உண்டா?

பிறகு கணக்குப் போடுங்கள். ஒரு நாள் சீட்டு 100 வெள்ளி, ஆண்டுச் சீட்டு 250 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் முறை போனால்தான் மிச்சம். ஒவ்வொரு பயணத்துக்கும் பெட்ரோல், டோல், சாப்பாட்டுச் செலவு தனி. ஞாயிறும் விடுமுறையும் மட்டுமே ஓய்வுள்ள குடும்பத்துக்கு அந்த நாட்களில் இடம் கிடைக்காவிட்டால், ஐந்து பேருக்குக் கட்டிய பணம் பெட்டியிலேயே கிடக்கும். ஆண்டுக்கு ஒரு முறை போகிறவர்களுக்குத் தேதி குறித்த ஒரு நாள் சீட்டே போதும்.