புகையாகாத பாதி

துப்பாக்கி வெடித்ததும் கிளம்பும் வெண்புகையைப் பார்த்தால், உள்ளே இட்ட மருந்து முழுவதும் காற்றோடு போய்விட்டதென்று தோன்றும். 1870களில் ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெடரிக் ஏபெல் என்ற இருவர் கருமருந்தை மூடிய எஃகுக் கலனுக்குள் எரித்து, மிஞ்சியதை எடைபோட்டார்கள். வாயுவானது ஏறத்தாழ 43 சதவீதம்தான். மீதி 57 சதவீதம் திடப்பொருள். அந்த வெண்புகையே திடப்பொருளின் நுண்துகள்கள்தான். வெளியேறாத பங்கு குழலின் உட்சுவரில் படிகிறது. வாய்ப்பக்கமாக மருந்தையும் ஈயக் குண்டையும் கிட்டித்த பழைய துப்பாக்கிகளுக்கு இந்தப் படிவுதான் பெரிய தலைவலி.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றின் கலவை. எரிந்தபின் மிஞ்சுபவை பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்ஃபைடு ஆகிய உப்புகள். மழைக்கால உப்பு ஜாடியைப் போல இவை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரும்பில் துரு ஏறும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் உப்பு கரையாது, எண்ணெய்க்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். அதைக் கரைப்பது தண்ணீர். கழுவும்போது எழும் அழுகிய முட்டை வாடை சல்ஃபைடின் வேலை. வெந்நீர் ஊற்றினால் குழலும் சூடேறி, ஈரம் சீக்கிரம் உலரும். எண்ணெய் பூசுவது அதற்குப் பிறகுதான்.

படிவு குறியையும் கெடுக்கும். ஒவ்வொரு வெடிக்கும் உட்சுவரில் ஒரு பூச்சு ஏறுவதால், அடுத்த குண்டு இறங்கும் வழி குறுகுகிறது. உராய்வு மாறினால் அழுத்தம் மாறும். அழுத்தம் மாறினால் வேகம் மாறும். வேகம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். அதனால்தான் குறிபார்த்துச் சுடுவோர் ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் குழலைத் துடைத்துவிடுகிறார்கள். சரியான மருந்தளவைத் தேடும் முறையும் இதை ஒட்டியதே. தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் ஓர் அளவை வைத்துச் சில குண்டுகள் சுடுவார்கள். அவை நடுப்புள்ளியில் பட்டனவா என்பதைவிட, ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதே கவனிக்க வேண்டியது. பிறகு மருந்தளவு, குண்டைச் சுற்றும் துணியின் தடிமன், மசகு இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். மருந்தைக் கூட்டினால் துல்லியம் கூடிவிடாது.

குண்டு பாயும் விதத்தை ஆராய்வதை அறிவியலாக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் வெளிவந்த நூலில், ஊசலில் குண்டை மோதவிட்டு அதன் வேகத்தை அளக்கும் முறையை விளக்கினார். குழலில் உரசிச் சுழல்வதால்தான் குண்டு திசைமாறுகிறது என்றும், சுருள் காடி வெட்டிய குழலே எதிர்காலம் என்றும் சொன்னார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்த அவர், 1751இல் நம் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார்.

காடிக் குழலையும் படிவு விடவில்லை. பிரிட்டனின் பேக்கர் துப்பாக்கியோடு, குண்டை இறக்க முதலில் மரச்சுத்தியலும் கொடுத்தார்கள். 1849இல் பிரான்சின் மினியே வழி கண்டார்: குழலைவிடச் சிறிய குண்டு, அடிப்பகுதியில் குழிவு. படிவிருந்தாலும் எளிதாக இறங்கும். வெடிக்கும்போது வாயு குழிவை விரித்துக் காடிகளில் பதித்துவிடும். இதே வகையில் வந்த 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டின் தோட்டாவில், குண்டு வழுக்கிச் செல்லவும் படிவு இளகவும் கொழுப்புத் தடவினார்கள். 1857இல் கம்பெனியின் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது, அந்தக் கொழுப்பு பசு, பன்றியுடையது என்ற செய்திதான்.

துல்லியம் என்பது வலிமையால் வருவதல்ல. ஒவ்வொரு குண்டும் ஒரே நிலையிலுள்ள குழலைச் சந்திப்பதால் வருவது. கழுவுவதும் குறிபார்ப்பதும் இரண்டு வேலையல்ல, ஒன்றுதான்.